ஊதாச் சுங்குடியும் நாற்பத்திரண்டு விடைகளும்

மே 9, வியாழன்

என் வருகைப் பதிவு அறுபத்தெட்டு சதவீதம். எழுபத்தைந்து இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லையென்றால் நான்காம் செமஸ்டரை அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

அறுபத்தைந்துக்கு மேலே இருப்பவர்களுக்கு ஒரு சந்து உண்டு. அதற்குப் பெயர் மன்னிப்புப் படிவம். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் படிவத்தோடு பூங்கோதை மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"காரணம்?"

"காய்ச்சல் மேடம்."

"இருபத்துநாலு நாளா?"

"விட்டு விட்டு வந்துச்சு மேடம்."

மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படிவத்தை, காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் கல்லுக்கு அடியில் வைத்தார். "ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. அட்மிஷன் ஆபீஸ்ல பிசிக்ஸ் சார்பா ஒரு பொண்ணு வேணும். தினம் மூணுல இருந்து அஞ்சரை. இருபத்தஞ்சாம் தேதி வளாக நாள் வரைக்கும். சம்பத் சார் உன்னைப் பத்தி நல்லபடியா சொன்னா கையெழுத்து."

யார் என்ன கேட்டார்கள் என்று தினமும் எழுதிவைக்கவும் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் எழுத முடியாததை எழுத இந்த நோட்டு.

மே 10, வெள்ளி

அட்மிஷன் ஆபீஸில் துறைக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு கைப்பேசி. ப்ளஸ் டூ முடித்தவர்களும் அவர்கள் பெற்றோரும் வாட்சாப்பில் கேள்வி கேட்பார்கள். கல்லூரி வாழ்க்கையை அனுபவித்துக்கொண்டிருக்கிற நாங்கள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பெயர் வெளியே தெரியாது. எல்லாப் பதிலுக்கும் கீழே 'உங்கள் மாணவத் தோழி' என்று தானாக வந்து விழும்.

சம்பத்குமார் சார்தான் அட்மிஷன் அதிகாரி. இதற்கு முன் பற்பசை கம்பெனியில் விற்பனை பார்த்தவர். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். நாற்பத்திரண்டு கேள்வி, நாற்பத்திரண்டு விடை.

"இதுக்கு வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாதுங்க கண்ணு. நீங்க பேசுனா காலேஜே பேசுன மாதிரி."

விடை எண் 7: வீட்டு முறையில் தயாரான சத்தான உணவு. எண் 12: இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர். எண் 19: மயில்கள் உலவும் இயற்கை எழில் கொஞ்சும் வளாகம். மயில் ஒன்றுதான் உலவுகிறது. அது டிபன் டப்பா வைத்திருப்பவர்களைத் தேடித்தான் உலவுகிறது.

மாலையில் வீட்டுக்குப் பேசினேன். ரெண்டாயிரம் பேரில் என்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள், இயற்பியல் மேசைக்கு நான்தான் என்று சொன்னேன். பொறுக்கி எடுத்தது உண்மைதான். எதற்காக என்று சொல்லவில்லை. அம்மா உடனே பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "ஏங்க, உங்க மகளை காலேஜ்ல தூதரா போட்டுருக்காவளாம்" என்றாள்.

அப்பா ஃபோனை வாங்கினார். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா."

"சரி. அம்மாட்ட குடுக்கேன்."

ரெண்டு வருஷமாக இதுதான். அப்பா சங்கரன்கோவில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். பகலெல்லாம் ஊரார் நிலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வருகிறவருக்கு வீட்டுக்கென்று வார்த்தை மிஞ்சுவதில்லை போலிருக்கிறது.

அம்மா தன் வழக்கமான புகாருக்கு வந்தாள். "ஏட்டி, என் ஊதாச் சுங்குடிச் சேலைய எங்கயும் பாத்தியா? நீ காலேஜ் போன அன்னைக்குத்தான் கொடியில காஞ்சிட்டு கெடந்தது. எதுத்த வீட்டுக்காரி மேலதான் எனக்குச் சந்தேகம்."

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றேன்.

மே 11, சனி

இன்று வந்த கேள்விகள்: விடுதியில் ஏசி உண்டா? பேய் உண்டா? இயற்பியல் படித்தால் அமெரிக்கா போகலாமா? என் மகன் காலையில் எழமாட்டான், எழுப்பிவிட ஆள் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லாததால் எண் 19-ஐ அனுப்பினேன். மயில் அகவி எழுப்பும் என்று அந்த அம்மா புரிந்துகொண்டு நன்றி சொன்னார்கள்.

மே 13, திங்கள்

ஜெராக்ஸ் மெஷின் படம் போட்ட ஓர் எண்ணிலிருந்து வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"தென் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தகப்பனார் எழுதிக்கொண்டது. என் இளைய மகளை மேற்படி கல்லூரியில் இயற்பியல் பிரிவில் சேர்ப்பதாக உத்தேசம். அதற்கு முன்பாக மேற்படி கல்லூரியிலும் அதன் விடுதியிலும் வில்லங்கம் ஏதும் உள்ளதா என அறிய விரும்புகிறேன். நிற்க. தண்ணீர் எப்படி?"

அறைத்தோழி ஆக்னஸிடம் காட்டினேன். தூத்துக்குடிக்காரி, எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். "உங்க அப்பா எழுதுத மாதிரில்லா இருக்கு," என்றாள்.

தமிழ்நாட்டில் எத்தனை பத்திர எழுத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இளைய மகள் இருக்கக் கூடாதா? அப்பாவிடம் வாட்சாப்பே கிடையாது. எண் 12-ஐ அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் பதில். "விடை கிடைக்கப்பெற்றேன். இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் இருப்பது தொட்டியிலா, குழாயிலா என்பது தெளிவுபடுத்தப்படவில்லை."

என்ன செய்வது? சம்பத் சார் டீ குடிக்கப் போயிருந்தார். 'குழாயில் காலை ஐந்தரை முதல் ஏழு வரை' என்று போட்டேன். போட்டதும் கை நிற்கவில்லை. விடுதியில் குளியலறைக்கு ஆள் வரிசையில் நிற்க வேண்டாம், வாளி நின்றால் போதும், வாளியை வைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம், ஆனால் விடுதியில் பாதி வாளிகள் சிவப்பு என்பதால் தினமும் சண்டை, அதனால் மகளுக்கு வேறு நிறத்தில் வாங்கி, பெயரை அழியாத மையில் எழுதிக் கொடுங்கள் என்றும் சேர்த்துவிட்டேன்.

"குறித்துக்கொள்ளப்பட்டது," என்று வந்தது.

மே 14, செவ்வாய்

தங்கச்சி வடிவு ஃபோன் செய்தாள். ப்ளஸ் டூவில் ஐந்நூற்று இருபது. என் காலேஜுக்குத்தான் வருவாளாம். "நீ சொல்லுததெல்லாம் கேட்டா வேற எங்கயும் போக மனசே வரலக்கா. அந்த மயிலு, லைப்ரரி, நீ கிளாஸ்ல முத மூணு பேருக்குள்ள வாரது."

முதல் செமஸ்டரில் அது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அன்று பதிவாளர் அலுவலகம் முழுக்க லட்டுக் கொடுத்தார். அதன்பிறகு அந்த வாக்கியத்தை மாற்றச் சரியான நேரம் வாய்க்கவில்லை.

"வேற காலேஜும் பாரு," என்றேன்.

"நான் வந்தா உனக்கு எடஞ்சலா?"

அப்படிக் கேட்டால் என்ன சொல்ல முடியும்?

மே 16, வியாழன்

தகப்பனார் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். எண் 7 அனுப்பினேன். "வீட்டு முறை எனில் எந்த வீடு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. திங்கள் இட்லி, அது பரவாயில்லை, செவ்வாய் அதே இட்லியின் உப்புமா, வியாழக்கிழமை ரவை உப்புமா தொண்டைக்குக் கீழே போகாது, அன்றைக்கு வாழைப்பழம் பதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும், பழத்தோடு மைதானம் பக்கம் போகக் கூடாது, மயில் பிடுங்கிவிடும் என்று உள்ளதைச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து, "இதை முன்பே தெரிவித்திருக்கலாம்" என்று வந்தது.

திங்கட்கிழமைதான் கேள்வி கேட்க ஆரம்பித்த மனிதர் இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

மே 17, வெள்ளி

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கடி ஃபோனைப் பார்க்கிறேன் என்று ஆக்னஸ் கிண்டல் செய்கிறாள்.

மே 18, சனி

"மகள் இதுவரை வீட்டை விட்டு வெளியே படுத்ததில்லை. முதல் சில நாட்கள் எவ்விதம் கழியும்?"

இதற்குப் புத்தகத்தில் விடை எண் 31 இருக்கிறது: 'நட்பான சூழல் மாணவிகளை விரைவில் தன்வயப்படுத்திக்கொள்ளும்.' அனுப்பக் கையை வைத்தேன், மனசு வரவில்லை. நட்பான சூழல் என்னைத் தன்வயப்படுத்த ஏழு மாசம் ஆனது. அதுவரை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். குழாய் நின்றுவிடும் என்பதால் ஏழு மணிக்குள் அழுது முடிக்க வேண்டியிருந்தது.

இப்படி எழுதினேன்: "ஐயா, கஷ்டமாகத்தான் கழியும். ஒன்று செய்யுங்கள். மகளோடு அவள் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். புதுச்சேலை உதவாது. துவைக்காமல் இருந்தால் நல்லது. தலையணையில் சுற்றிக்கொண்டு படுத்தால் தூக்கம் வரும். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் எடுத்துவருகிறவர்களும் உண்டு. அதனால் நீங்களே கொடுத்துவிடுங்கள்."



மே 19, ஞாயிறு

வீட்டுக்குப் பேசினேன். அம்மா அரிசி விலை சொன்னாள், வடிவு தோசையைக் கருக்கியதைச் சொன்னாள், எதிர்வீட்டுக்காரி கொழுக்கட்டை கொடுத்தனுப்பியதைச் சொன்னாள். "நல்ல பொம்பள, பாவம். நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். சுங்குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

மே 20, திங்கள்

தகப்பனார் எழுதியது:

"என் மூத்த மகள் ஒரு கல்லூரியில் பயில்கிறாள். இரண்டு வருடங்களாக எல்லாம் நன்று என்றே சொல்லி வருகிறாள். சாப்பாடு நன்று, படிப்பு நன்று, உடம்பு நன்று. ஒரு பத்திரத்தில் எல்லாம் சரியாக இருந்தால் அதை இன்னொரு முறை படித்துப் பார்ப்பது என் தொழில் வழக்கம். ஆனால் மகளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிற்க. மேற்படி கல்லூரியில் ஒரு பெண்ணுக்குப் பாடம் ஏதும் தவறிப்போனால் என்ன ஆகும்?"

கைப்பேசியை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். மைதானத்தில் மயில் நின்றது. என்னிடம் டப்பா இல்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டது.

மே 21, செவ்வாய்

தலைவலி. யாருக்கும் பதில் போடவில்லை.

மே 22, புதன்

போட்டுவிட்டேன்.

"ஐயா, எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். மூன்றாம் செமஸ்டரில் கணிதம் ஒன்று, இயக்கவியல் ஒன்று, ரெண்டு பேப்பர் போய்விட்டது. போன ஜனவரியில் ரிசல்ட் வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருபத்துநாலு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றாள். வீட்டில் முதல் மூன்று பேருக்குள் வருவதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் கெட்ட பெண் இல்லை. லட்டுக் கொடுத்த அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பாடம் தவறினால் ஒன்றும் ஆகாது. திரும்ப எழுதலாம்."

படித்துவிட்டார் என்று ரெண்டு நீலக் கோடு வந்தது.

மே 23, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

சம்பத் சார் வாரக் கணக்குக்காக எல்லாக் கைப்பேசியையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். என் மேசைக்கு வந்தபோது கையில் அச்செடுத்த ஆறு பக்கம்.

"என்னுங்மா ஆவுடையம்மா இது? உப்புமா தொண்டைக்குக் கீழ போகாதுன்னு காலேஜ் சொல்லுதா? மயிலு பழத்தைப் புடுங்கும்னு காலேஜ் சொல்லுதா?"

"அவர் கேட்டாருங்க சார்."

"கேட்டா? நான் பதினஞ்சு வருசம் பற்பசை வித்தேன். பல்லு வெளுக்குமான்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்?"

என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. நாளை மறுநாள் வளாக நாள். அந்த ஆள் வராமல் போனால் பூங்கோதை மேடத்திடம் ஆறு பக்கத்தையும் கொடுத்துவிடப் போகிறாராம். அந்த ஆள் எங்கே வரப்போகிறார்? உப்புமாவையும் அரியரையும் தூக்கம் வராத இரவுகளையும் கேட்ட பிறகு யார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்? என் மன்னிப்புப் படிவம் கண்ணாடிக் கல்லுக்கு அடியிலேயே கிடந்து மக்க வேண்டியதுதான்.

மேசையை விட்டு எழுவதற்கு முன் கடைசியாக ஒன்று அனுப்பினேன். "ஐயா, இனிமேல் நாற்பத்திரண்டு விடைகளுக்குள்தான் பேச முடியும். வெளியே பேசியதில் இங்கே வருத்தம். தேர்வு எழுத வேண்டிய என் படிவம் ஒன்று இவர்கள் கையில் இருக்கிறது. மன்னிக்கவும்."

"கவனிக்கப்பட்டது," என்று வந்தது.

மே 24, வெள்ளி

வீட்டுக்குப் பேசினேன். அப்பா, "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "வியாழக்கிழமை நேத்துல்லா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மே 25, சனி

வளாக நாள். வாசலில் பந்தல், ரோஸ் மில்க், நாதஸ்வரம். சம்பத் சார் கோட்டுப் போட்டிருந்தார். பதினோரு மணிக்கு என் மேசை முன்னால் ஒரு தகப்பனாரும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். தகப்பனார் கையில் ஒரு மஞ்சள் பை, ஒரு பச்சை வாளி.

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து "அப்…" என்பதற்குள் அப்பா கையை உயர்த்தினார்.

"வணக்கம்ங்க. எங்க ஊரு ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்சாப்புல வெசாரிச்சது நாந்தான். இங்க மாணவத் தோழிங்கது யாருங்க?"

பக்கத்தில் சம்பத் சார் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொந்தக்காரன் சாட்சி நிற்காது என்று அப்பா எத்தனை பேரை வீட்டு வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நாந்தானுங்க," என்றேன். பிறந்ததிலிருந்து அப்பாவை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வடிவு வாளிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வளாகத்தைச் சுற்றிக் காட்டினேன். சம்பத் சாரும் கூடவே வந்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலம் அளக்க வந்தவர் மாதிரி நாலு திசையும் பார்த்து நடந்தார். "வடக்க இது என்னதுங்க?" "நூலகமுங்க." "கிழக்க?" "ஆய்வகமுங்க." சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்பக்கம் போகிற பாதையைச் சம்பத் சார் மறித்துக்கொண்டு நின்றார். அப்பா அவரைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

மைதானத்தில் மயில் சிவகாசிக்காரர் ஒருவரின் வடையைக் கொத்திக்கொண்டு ஓடியது. அவர் கத்தினார். சம்பத் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்களுக்கு இது முன்னாலயே தெரிவிச்சாச்சு," என்றார் அப்பா.

சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். 'உடன்பிறந்தவர் இங்கே பயில்கிறாரா?' என்ற இடத்தில் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதினார். 'இக்கல்லூரியைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்ற இடத்தில் எல்லோரும் 'நல்ல கல்லூரி' என்று ரெண்டு வார்த்தை எழுதுவார்கள். அப்பா அந்தக் கோட்டை நிரப்பி, ஓரத்தில் ஏறி, பின்பக்கத்துக்குப் போனார். சம்பத் சார் வாங்கிச் சத்தமாகவே படித்தார்.

"மேற்படி கல்லூரியின் தண்ணீர், உணவு, பறவை, படிப்பு ஆகியவற்றிலுள்ள சகல வில்லங்கங்களும் மாணவத் தோழியால் முன்கூட்டியே ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கப்பட்டன. குறையைச் சொல்லும் இடத்தில் பெண்ணை விட்டுவைத்தால் அவள் குறையும் எனக்குத் தெரியவரும் என்ற நம்பிக்கையில், யாருடைய தூண்டுதலுமின்றி, சுயபுத்தியுடன் சேர்க்கிறேன்."

சம்பத் சார் அதை இன்னொரு முறை மனசுக்குள் படித்தார். "ஏனுங்க, இதை அடுத்த வருச நோட்டீஸ்ல போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"பெயரில்லாம போட்டுக்கிடுங்க," என்றார் அப்பா.

ஆறு பக்கத்தையும் சம்பத் சார் என் கண் முன்னாலேயே கிழித்துப்போட்டார். மூன்று மணிக்குப் பூங்கோதை மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"சம்பத் சார் உன்னைப் பெருமையா சொல்றாரும்மா. என்ன பண்ணினே?" படிவத்தை எடுத்தார். "காரணம் காய்ச்சல்தானே?"

"இல்ல மேடம். ரெண்டு அரியர். கிளாஸுக்கு வர வெக்கமா இருந்துச்சு."

மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியும். ரிசல்ட்டை ஒட்டினது நான்தானே? ஆனா படிவத்துல வெக்கத்துக்குக் கட்டம் இல்ல." காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிப் பேருந்துக்கு அவர்கள் கிளம்பினார்கள். வாளியை என்னிடம் கொடுத்தார் அப்பா. வடிவு வரும்வரை நான் வைத்திருக்க வேண்டுமாம். அழியாத மையில், பத்திரக் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'இவ்வாளி சங்கரன்கோவில் சிவசைலம் மகள் சண்முகவடிவுக்குச் சர்வ சுதந்திரமாகப் பாத்தியப்பட்டது.'

பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் அப்பா என்னைப் பார்க்காமல் பேருந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு உண்டும்னு எழுதியிருந்தல்லா."

"ஆமாப்பா."

"நவம்பர்ல திருப்பி எழுதிக்கிடலாம்னு அவகிட்ட சொல்லு. லட்டு குடுத்தது குடுத்ததுதான். அதை யாரும் திருப்பிக் கேக்கப்போறதில்ல."

மஞ்சள் பையை என் கையில் வைத்தார். "அம்மா குடுத்துவிட்டா. பழசு இந்நேரம் கிழிஞ்சிருக்கும்னா."

உள்ளே அம்மாவின் பச்சைச் சுங்குடி. துவைக்காதது.

மே 26, ஞாயிறு

வடிவு ஜூலையில் வருவாள். ஊதாவை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது, ஆனால் தூக்கம் வரும்.

காலையில் வீட்டுக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார்.

"சாப்ட்டியா?"

"இல்லப்பா. இன்னைக்குப் பொங்கல். குழம்பு ஊசிப்போச்சு. பசிக்கி."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. "சரி, சொல்லு," என்றார். ஃபோனை அம்மாவிடம் கொடுக்கவில்லை.